கேனன் 1500டி-க்கு அடுத்த லென்ஸ்: ஷார்ப்னெஸுக்காக வாங்குபவர்கள் கவனிக்க

கேனன் 1500டி, நிக்கான் டி3500 மாதிரி ஆரம்பநிலை கேமரா வாங்கிக் கொஞ்ச நாள் ஓடியதும் அநேகமாக எல்லோரும் கேட்கிற கேள்வி, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸில் படம் ஏன் மசமசவென்று வருகிறது, எந்த லென்ஸ் வாங்கினால் முடி முடியாகத் தெரியும் என்பதுதான். உடனே பதில் வேண்டுமென்றால், பெரும்பாலானவர்களுக்கு வெளிச்சம் நிறைய வாங்குகிற ஒரு சின்ன பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத லென்ஸ்) போதும். ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, தப்பு உண்மையிலேயே லென்ஸ் மேல்தானா என்று பார்த்துவிடுங்கள். பல சமயம் குற்றவாளி வேறு ஆள்.

பேப்பரில் வரி விளம்பரம் வருகிற பக்கத்தை எடுத்துச் சுருக்கம் இல்லாமல் சுவரில் ஒட்டுங்கள். கேமராவை ட்ரைபாடில், அது இல்லையென்றால் மேஜையில் நாலு தடிப் புத்தகத்தை அடுக்கி அதன் மேல், பேப்பருக்கு நேர் எதிரே சாய்வில்லாமல் வையுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் 8 (லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும்), ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) ஆஃப், 2 விநாடி செல்ஃப் டைமர். லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் தெரியும் காட்சி) முடிந்த அளவு (கேனனில் 10 மடங்கு) பெரிதாக்கி, ஒரு போன் நம்பரின் இலக்கங்கள் பளிச்சென்று பிரிந்து தெரிகிறவரை கையால் ஃபோகஸ் செய்து ஒரு படம் எடுங்கள். அப்புறம் வழக்கம்போல வியூஃபைண்டரில் பார்த்து, ஆட்டோஃபோகஸில் இன்னொரு படம். இரண்டையும் கம்ப்யூட்டரில் 100 சதவீதத்தில் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

இரண்டுமே தெளிவாக இருந்தால் லென்ஸ் மேல் பழி இல்லை, உங்கள் கை ஆடுகிறது அல்லது ஷட்டர் ஸ்பீடு போதவில்லை. முதல் படம் நன்றாக வந்து இரண்டாவது மட்டும் மங்கலாக இருந்தால், அதுவும் திரும்பத் திரும்ப எடுத்தாலும் அப்படியே வந்தால், கேமராவின் ஃபோகஸ் கொஞ்சம் முன்னே பின்னே விழுகிறது. விலை கூடிய கேமராக்களில் இதை மெனுவிலேயே சரிசெய்துகொள்ளலாம், 1500டி-யிலும் டி3500-லும் அந்த வசதி இல்லை. சர்வீஸ் சென்டரில் கொடுத்துத்தான் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் எஃப் 1.8 லென்ஸ் வாங்கிப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் அதில் ஃபோகஸ் பிசகுவதற்கு இடமே கிடையாது. இரண்டு படமும் மங்கல், அல்லது இடது மூலை தெளிவாகவும் வலது மூலை குழம்பியும் இருக்கிறது என்றால்தான் லென்ஸ் சரியில்லை என்று அர்த்தம்.

ஷட்டர் ஸ்பீடு விஷயத்தில் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஃபோக்கல் லெங்த்தை (லென்ஸின் எம்எம் எண்) 1.6-ஆல் (இந்த கேமராக்களின் சென்சார் சின்னது என்பதால், நிக்கானில் 1.5) பெருக்கி, அதற்குக் குறையாத வேகத்தில் எடுப்பது. 55 எம்எம் என்றால் 88, ஆக 1/100 விநாடி. ஆனால் இது கை நடுக்கத்துக்கான கணக்கு மட்டும்தான். ஓடுகிற குழந்தைக்கு 1/250-க்கு மேல் வேண்டும், அங்கே ஸ்டெபிலைசரால் ஒன்றும் செய்ய முடியாது. மலை, கோபுரம் எடுக்கும்போது எல்லாமே தெளிவாக வரட்டும் என்று எஃப் 22-க்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள், துவாரம் அவ்வளவு சிறுத்தால் ஒளி சிதறி மொத்தப் படமும் மழுங்கிவிடும். எஃப் 8, மிஞ்சிப்போனால் எஃப் 11.

சரி, இதெல்லாம் பார்த்த பிறகும் லென்ஸ் வேண்டும் என்றால், கிட் லென்ஸின் உண்மையான குறை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். எஃப் 8-ல் அது ஒன்றும் மோசமான லென்ஸ் இல்லை. வெளிச்சம் குறைந்ததும்தான் மாட்டிக்கொள்கிறது. 55 எம்எம்-இல் அதிகபட்சம் எஃப் 5.6 வரைதான் திறக்கும், எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ 3200 கேட்கிற அறையில் இது 400-க்குள் முடித்துவிடும். புள்ளி புள்ளியாக நாய்ஸ் இல்லை, கேமரா அதை அழிக்கிறேன் என்று முகத்தை மெழுகவும் இல்லை. பிரைம் லென்ஸ் ஷார்ப் என்று எல்லோரும் சொல்வதில் பாதி சங்கதி கண்ணாடியில் இல்லை, இந்த வெளிச்சத்தில்தான் இருக்கிறது.

எந்த ஃபோக்கல் லெங்த் என்பதை யூடியூபைக் கேட்காதீர்கள், உங்கள் பழைய படங்களைக் கேளுங்கள். ஒவ்வொரு ஃபைலிலும் அது எத்தனை எம்எம்-இல் எடுத்தது என்று பதிவாகியிருக்கும். அப்படியும் முடிவுக்கு வர முடியவில்லையா, கிட் லென்ஸை 50-இல் வைத்து ஜூம் வளையத்தில் செல்லோடேப் ஒட்டிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்படியே எடுத்துப்பாருங்கள், அடுத்த வாரம் 24-இல். வீட்டுக்குள் 50 எவ்வளவு நெருக்கும் என்பது அப்போதுதான் புரியும். 10 அடி தள்ளி நின்று கேமராவை நெட்டாகப் பிடித்தாலும் சுமார் நாலரை அடி உயரம்தான் ஃபிரேமுக்குள் வரும், ஆளின் கால் வெட்டுப்பட்டுவிடும். அதே தூரத்தில் 24 எம்எம் 9 அடிக்கு மேல் பிடிக்கும்.

முகங்கள்தான் அதிகம் என்றால் கேனனில் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் (கேனனின் ஒரு வகை ஃபோகஸ் மோட்டார்). 2015-இல் வந்தது, 160 கிராம்தான், இந்த விலையில் இதற்குப் போட்டி கிடையாது என்பது என் அபிப்பிராயம். ஆனால் வாங்கிய அன்றே எஃப் 1.8-இல் ஒரு மீட்டர் தூரத்தில் முகத்தை எடுத்துவிட்டு, மூக்கு மங்கல் என்று கோபப்படாதீர்கள். அங்கே ஃபோகஸில் இருக்கும் ஆழம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. எஃப் 2.8-க்கு இறக்கினால் அதே லென்ஸ் வேறு லென்ஸ் மாதிரி இருக்கும். வீட்டு விசேஷம், தெரு, சாப்பாடு என்றால் 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம், பிஸ்கட் மாதிரி தட்டையாக, 16 சென்டிமீட்டர் வரை நெருங்கிப் போகும். நிக்கான்காரர்களுக்கு 35 எம்எம் எஃப் 1.8ஜி டிஎக்ஸ் (சின்ன சென்சாருக்கான நிக்கான் லென்ஸ் வகை). பழைய 50 எஃப் 1.8டி மலிவாகக் கிடைக்கிறதே என்று பாயாதீர்கள், டி3500 பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால் அதில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது.

கல்யாண வேலைக்குப் போகிறவர்களுக்கு ஜூம் இல்லாமல் முடியாது. அவர்கள் சிக்மா 17-50 எஃப் 2.8 அல்லது கேனன் 17-55 எஃப் 2.8 செகண்ட் ஹேண்டில் பார்க்கலாம், முதலில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. பறவைக்கு கேனன் 55-250 எஸ்டிஎம் கொடுக்கிற காசுக்கு அருமை. 75-300 வேண்டாம், அந்த ஆரம்ப விலை மாடலில் ஸ்டெபிலைசர் கிடையாது, 300 எம்எம் முனையில் படம் குழம்பும். எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ் என்று 18-300 வாங்குவது வசதிக்குச் சரி, ஷார்ப்னெஸுக்கு இல்லை. சிவப்புக் கோடு போட்ட (கேனனின் விலை உயர்ந்த வகை) ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சாருக்கான) லென்ஸ் என்றால் தானாகவே ஷார்ப் என்று நினைப்பதும் தப்பு. 1500டி-யின் பிக்சல்கள் அவ்வளவு நெருக்கம், அதே நெருக்கத்தில் ஃபுல் ஃபிரேம் சென்சார் செய்தால் 60 மெகாபிக்சல் வரும். பழைய லென்ஸ்கள் சில அங்கே திணறும். தவிர 24-105 இந்த கேமராவில், 1.6-ஆல் பெருக்கினால், ஃபுல் ஃபிரேமின் 38 மாதிரிதான் ஆரம்பிக்கும், சின்ன அறையில் பின்னால் போக இடம் இருக்காது.

இன்னொன்று, உங்கள் படங்கள் இன்ஸ்டாகிராமுக்கு மட்டும்தான் போகிறதென்றால் 6000 பிக்சல் அகலப் படம் அங்கே 1080-க்குச் சுருங்கிவிடும். லென்ஸ் வித்தியாசம் தெரியவே தெரியாது. பெரிய பிரிண்ட் போடுகிறவர்களும், பாதிப் படத்தை வெட்டி எடுக்கிறவர்களும்தான் இதற்காகச் செலவழிக்க வேண்டியவர்கள். மலிவான யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒரு தடவை எடுத்துப்பாருங்கள், இரவு விளக்குகளில் உடனே வித்தியாசம் தெரியும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது இருட்டான இடத்துக்குக் கொண்டுபோய், பின்பக்கம் மொபைல் டார்ச்சை அடித்து முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். தூசி நாலு இருந்தால் பரவாயில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் ஒட்டடை நூல் மாதிரி ஓரத்திலிருந்து படர்ந்திருந்தால் அது ஃபங்கஸ், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம், சுத்தம் செய்த பிறகும் கண்ணாடிப் பூச்சில் தழும்பு நின்றுவிடலாம். அப்பர்ச்சர் (துவாரத்தை மாற்றும்) இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக உங்கள் கேமராவிலேயே மாட்டி நாலு மூலையும் சரியாக வருகிறதா என்று எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். மாட்டிப் பார்க்க விடமாட்டேன் என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.