வேலையை விடாம அனலிடிக்ஸ்ல மாஸ்டர்ஸ், எங்க இருந்து ஆரம்பிக்கறது?

பத்து பதினஞ்சு வருஷம் ஒரே துறையில இருந்துட்டு இப்ப டேட்டா பக்கம் போலாம்னு நினைக்கறவங்க முதல்ல பண்றது காலேஜ் ரேங்கிங் பாக்கறதுதான். நானும் ரெண்டு மாசம் அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன், ஒரு பிரயோஜனமும் இல்ல. அதை ஓரமா வைங்க.

1. எந்த வேலைக்குப் போகணும்?

ஒரு இருபது வேலை விளம்பரத்தை எடுத்து, அவங்க கேக்கறதையெல்லாம் ஒரு ஷீட்ல போடுங்க. டேட்டா அனலிஸ்ட்னா பெரும்பாலும் எஸ்கியூஎல் (டேட்டாபேஸ்ல இருந்து டேட்டாவை எடுக்கற மொழி), எக்ஸெல், டேஷ்போர்டு (முக்கியமான எண்களை ஒரே திரையில காட்டறது). இதுக்கு மாஸ்டர்ஸே தேவைப்படாம போகலாம், உங்க காசு மிச்சம். டேட்டா சயின்டிஸ்ட்னா புள்ளியியல், பைத்தான்ங்கற கோடிங் மொழி, மெஷின் லேர்னிங் (பழைய டேட்டாவை வச்சு கம்ப்யூட்டரே கணிக்கக் கத்துக்கறது) எல்லாம் வரும், அங்கதான் டிகிரிக்கு மதிப்பு.

2. கணக்கைத் தூசி தட்டுங்க

பாதி பேர் மாட்டறது இங்கதான். கோடிங் கத்துக்கலாம்ங்க, ஆனா ஸ்கூல்ல படிச்ச அணி (மேட்ரிக்ஸ்), வகையீடு (டிஃபரென்ஷியேஷன்), நிகழ்தகவு (ப்ராபபிலிட்டி) மூணும் மறந்து போயிருந்தா முதல் செமஸ்டர்லயே மூச்சு முட்டும். ரிக்ரஷன்னு பெருசா சொல்றாங்களே, தெரிஞ்ச எண்களை வச்சு தெரியாத எண்ணைக் கணிக்கற முறை, அதுல பிழைகளோட, அதாவது கணிப்புக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசங்களோட, வர்க்கத்தைக் கூட்டி அந்தக் கூட்டுத்தொகையை எவ்ளோ குறைக்க முடியுமோ குறைக்கறாங்க, குறைக்கறதுக்கு வகையீடு வேணும், பத்து இருபது மாறிகள் வந்தா அணி வேணும், அவ்ளோதான்.

சின்னதா ஒரு சோதனை. ஆயிரம் பேர்ல 10 பேருக்கு நோய் இருக்கு, டெஸ்ட் அதுல 9 பேரைப் பிடிக்குது, நோய் இல்லாத 990 பேர்ல 89 பேருக்கும் தப்பா பாசிட்டிவ்னு காட்டுது. பாசிட்டிவ் வந்த ஒருத்தருக்கு நிஜமாவே நோய் இருக்க வாய்ப்பு எவ்ளோ? 90%னு டக்குனு தோணுச்சுன்னா நிகழ்தகவைத் திரும்ப எடுங்க. விடை 98ல 9, அதாவது 9 சதவீதம் சொச்சம்.

3. நேரக் கணக்கு

அமெரிக்காவுல இருக்கற ஜார்ஜியா டெக் யுனிவர்சிட்டி 2017ல ஆன்லைன்ல ஆரம்பிச்ச அனலிடிக்ஸ் மாஸ்டர்ஸை உதாரணத்துக்கு எடுத்துக்குவோம். மொத்தம் 36 கிரெடிட்: 3 கிரெடிட் கோர்ஸ் 10, கடைசியில 6 கிரெடிட்டுக்கு ஒரு பிராக்டிகம், அதாவது நிஜ பிரச்சனையை எடுத்து செய்யற புராஜெக்ட். செமஸ்டருக்கு ஒண்ணுன்னு போனா 11 செமஸ்டர், வருஷத்துக்கு மூணு வச்சாலும் மூணே முக்கால் வருஷம் கிட்ட ஆகும். ஒரு கோர்ஸுக்கு வாரம் 10 மணி நேரமாவது ஒதுக்குங்க, கோடிங் அதிகமா இருந்தா 15, 20னு கூட போகும். அந்த நேரம் எங்க இருந்து வரப்போகுதுன்னு வீட்ல உக்காந்து பேசிடுங்க, "பாத்துக்கலாம்"னு விட்டா அப்புறம் சண்டைதான்.

4. ஒத்திகை

ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி நாலு வாரம், வாரம் அதே 10 மணி நேரத்துல ஏதாவது ஒரு ஆன்லைன் கோர்ஸை பரீட்சையோட முடிச்சுப் பாருங்க. வீடியோ மட்டும் பாத்தா கணக்குல வராது, அசைன்மென்ட் போடணும். மூணாவது வாரம் ஆபீஸ்ல வேலை கழுத்தை நெரிக்கும்போதும் தாக்குப்பிடிச்சீங்கன்னா சேரலாம்.

5. அப்ளிகேஷன்

"எனக்கு டேட்டா மேல ஆர்வம்"னு எஸ்ஓபில (ஏன் இந்தப் படிப்புன்னு அப்ளிகேஷனோட எழுதித் தர்ற கட்டுரை) எழுதாதீங்க, எல்லாரும் அதைத்தான் எழுதறாங்க. உங்க பழைய துறைதான் உங்க பலம். குடோன்ல சரக்கு ஏன் தேங்குதுன்னு பத்து வருஷமா பாத்தவருக்கு டேட்டாகிட்ட என்ன கேக்கணும்னு தெரியும், இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு அது தெரியாது. அப்படி ஒரு கேள்வியை எழுதுங்க. ரெக்கமண்டேஷன் லெட்டரை உங்க வேலையை நேர்ல பாத்தவங்ககிட்ட கேளுங்க, பெரிய பதவின்னு தேடிப் போகாதீங்க.

6. முதல் செமஸ்டர்

ஒரே ஒரு கோர்ஸ். நான் வேகமா முடிச்சிடலாம்னு ரெண்டு எடுத்து, அஞ்சாவது வாரமே ஒண்ணை டிராப் பண்ணேன், கட்டின காசுல பாதிகூட திரும்பி வரல. டிராப் பண்ண கடைசி தேதி, ஃபீஸ் திரும்பக் கிடைக்கற கடைசி தேதி ரெண்டும் வேற வேறங்க, ரெண்டையும் முதல் நாளே காலண்டர்ல போட்டு வைங்க.

7. படிக்கும்போதே வேலையில

டிகிரி கைக்கு வரட்டும்னு காத்திருக்காதீங்க. மாசாமாசம் கையால போடற ரிப்போர்ட் ஏதாவது இருக்குமே, அதை பைத்தான்ல ஓட வைங்க, ரெஸ்யூம்ல அப்பவே ஒரு வரி வந்துடும். ஆனா கம்பெனி டேட்டாவை அசைன்மென்ட்டுக்கு எடுக்கறதா இருந்தா மேனேஜர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கிக்கோங்க, வாய்ல சொன்னது பத்தாது.