சின்னப் பிள்ளைகளோடு ஹாலோவீன்: முதல் வருடம் எப்படித் தொடங்குவது?

அக்டோபர் பிறந்தால் போதும், அமெரிக்காவில் காய்கறிக் கடை வாசல்கூட ஆரஞ்சு நிறமாகிவிடும். அக்டோபர் 31 மாலை பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிற ஹாலோவீன்தான் காரணம். புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களில் அப்போதுதான் பேச்சு ஆரம்பிக்கும்: நாமும் ஏதாவது செய்ய வேண்டுமா, செய்வதென்றால் எங்கே தொடங்குவது? பிள்ளை ப்ரீ-ஸ்கூல் போக ஆரம்பித்துவிட்டால் இதைத் தள்ளிப்போட முடியாது. "நீ என்ன வேஷம்?" என்று கூடப் படிக்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

நான் இருப்பது நியூஜெர்சியின் நடுப்பகுதி. கீழே எழுதியிருப்பது இந்தப் பக்கத்து வழக்கம். 2 முதல் 7 வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது.

ஊரிலிருந்து பாட்டி போனில் "பேய்க்குப் பண்டிகையா?" என்று கேட்டால் சொல்ல ஒரு சின்ன வரலாறு. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற இரவை சவின் என்று கொண்டாடினார்கள். இறந்தவர்கள் அன்று இந்தப் பக்கம் வந்து போவார்கள் என்று நம்பிக்கை. டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர்களுக்கு இங்கே பூசணி கிடைத்தது. டர்னிப்பைவிடப் பெரிது, குடையவும் சுலபம். இன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இதில் வழிபாடு எதுவும் கிடையாது. நவராத்திரிக்கு வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கொலுவுக்கு அழைக்கப் போய்ச் சுண்டல் வாங்கி வருவது மாதிரி என்று சொல்லுங்கள், பாட்டிக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும்.

படி 1: மூன்று வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் (செப்டம்பர் கடைசி)

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் பண்ணைக்குப் போவது, குக்கீ சுடுவது, குடும்பத்தோடு ஒரே மாதிரி வேஷம் போடுவது, வாசலில் 12 அடி எலும்புக்கூடு நிறுத்துவது என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். (அந்த எலும்புக்கூட்டை ஹோம் டிப்போ என்ற வீட்டுச் சாமான் கடை 2020இல் விற்க ஆரம்பித்தது. வாங்குவதற்கு முன் மீதி 11 மாதம் அது எங்கே படுத்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.)

சின்னப் பிள்ளைகளுக்குப் புதுசு புதுசாகச் செய்து காட்டுவதைவிட, அதையே திரும்பச் செய்வதுதான் பிடிக்கும். நாலு வயதில் ஒரு பிள்ளை "போன தடவையும் நான்தானே விதையை எடுத்தேன்" என்று உரிமையோடு சொல்கிறதென்றால், உங்கள் வீட்டில் வழக்கம் ஒன்று வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதனால் அலுவலகத்தில் வேலை கழுத்தை நெரிக்கிற வருடத்திலும் செய்ய முடிகிற மூன்றை மட்டும் எடுங்கள். என் சிபாரிசு: ஒரு பூசணி, ஒரு சாப்பாடு, ஒரு புகைப்படம். தெருவில் மிட்டாய் வாங்கப் போவது தானாகவே சேர்ந்துகொள்ளும்.

தேதியை ரொம்ப நம்பவும் வேண்டாம். 2024இல் நம் தீபாவளியும் அக்டோபர் 31 அன்றே வந்தது. காலையில் எண்ணெய்க் குளியல், மாலையில் ஸ்பைடர்மேன். 2012இல் சாண்டி புயல் அடித்த வாரம் நியூஜெர்சி ஆளுநரே ஹாலோவீனை நவம்பர் 5க்குத் தள்ளிவைத்து உத்தரவு போட்டார். மூன்றே வேலைகள் என்றால் எந்த நாளுக்கு வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம்.

படி 2: வேஷம் (அக்டோபர் முதல் வாரம்)

பிள்ளையிடம் "என்ன வேஷம் வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். காலையில் டைனோசர், மதியம் தீயணைப்பு வண்டி, இரவில் மறுபடி டைனோசர் என்று போகும். இரண்டைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

அக்டோபர் கடைசியில் இங்கே மாலை நேரத்தில் 10 டிகிரி செல்சியஸ் என்பது சாதாரணம். உள்ளே குளிர் தாங்கும் தெர்மல் உடை போட இடம் விட்டு ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். மெல்லிய இளவரசி கவுன் மேல் கோட்டு போடச் சொன்னால் வாசலிலேயே அழுகை தொடங்கும். முகமூடி வேண்டாம், கண் மறைத்துப் படியில் தடுக்கும், பாதிப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் கழற்றியும் விடுவார்கள். முகத்தில் வர்ணம் பூசுவதென்றால் சில நாள் முன்பே கையில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். பாவாடையோ வாலோ தரையில் இழுபடக் கூடாது. காலுக்குத் தினமும் போடுகிற ஷூதான்.

குட்வில் போன்ற பழைய துணிக் கடைகளில் ஒரே ஒரு நாள் போட்ட வேஷங்கள் மலிவாகக் கிடைக்கும். பள்ளி என்ன சொல்கிறது என்பதையும் பாருங்கள். சில பள்ளிகளில் ஊர்வலம் உண்டு, சில பள்ளிகளில் கதைப்புத்தகப் பாத்திரமாகத்தான் வர வேண்டும், சில இடங்களில் வேஷமே கிடையாது. அடுத்தவர் இனத்தையோ பண்பாட்டையோ வேஷமாக்குவதைத் தவிர்த்துவிடுங்கள். நம் புடவையை யாராவது வேடிக்கை உடையாகக் கட்டிக்கொண்டு வந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

படி 3: பூசணி வாங்குவது (அக்டோபர் நடுவில்)

பண்ணைக்கே போய் எடுக்கலாம். பிரின்ஸ்டன் பக்கம் டெர்ஹூன் ஆர்ச்சர்ட்ஸ், சவுத் பிரன்ஸ்விக்கில் வான் துன் பண்ணை என்று இங்கே நிறைய உண்டு. வார இறுதி என்றால் காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் கார் நிறுத்த இடம் கிடைப்பதே பாடு. வைக்கோல் வண்டியும் சூடான ஆப்பிள் சைடர் டோனட்டும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பணமோ நேரமோ இடிக்கிறதென்றால் மளிகைக் கடைப் பூசணியே போதும். பிள்ளைக்கு முக்கியம், தானே தூக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது.

இரண்டு வகையாக வாங்குங்கள். வெட்டுவதற்கு, அடி தட்டையாக, காம்பு உறுதியாக, எங்கேயும் அமுங்காமல் இருக்கிற பெரிய காய் ஒன்று. சமைக்க, சுகர் பம்ப்கின் என்று விற்கிற சிறிய காய் ஒன்று. வெட்டுகிற பெரிய காய் தண்ணீராகவும் நாராகவும் இருக்கும். அதில் கூட்டு வைத்தால் ஒரு ருசியும் இராது.

படி 4: பகலில் ஒரு தெரு நடை (கடைசி வாரம்)

பலர் விட்டுவிடுகிற படி இது. நாலு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு பொம்மைப் பேய்க்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் சரியாகப் பிடிபட்டிருக்காது. ஆள் கிட்டே வந்தால் கண் சிவந்து கத்துகிற பொம்மைகள் வேறு இப்போது வாசலுக்கு வாசல் நிற்கின்றன. முதல்முறையாக இருட்டில் அதைப் பார்த்தால் அடுத்த வருடமும் வெளியே வர மாட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் அதே தெருவில் நடத்திக் கூட்டிப் போங்கள். எலும்புக்கூட்டுக்குக் கை காட்டுங்கள், பெயர் வையுங்கள், சிலந்தி வலை பஞ்சால் செய்தது என்று தொட்டுக் காட்டுங்கள். எந்த வீட்டு வாசல் பயமாக இருக்கிறது என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். அந்த வீட்டை அன்றைக்கு விட்டுவிடலாம். எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் இந்தப் பகல் நடை, மிட்டாய் வாங்குவதைவிடப் பெரிய வழக்கமாக நிலைத்துவிட்டது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் முதலில் குடியிருப்பின் அலுவலகத்தில் கேளுங்கள். மிட்டாய் தரச் சம்மதிக்கிற வீடுகளின் பட்டியலோ கதவில் ஒட்டும் சீட்டோ தருகிற இடங்கள் உண்டு. இல்லையென்றால் தனி வீட்டில் இருக்கிற நண்பர் தெருவுக்குப் போகலாம். பள்ளி, தேவாலய வாகன நிறுத்துமிடங்களில் கார் டிக்கியை அலங்கரித்து மிட்டாய் தருகிற ட்ரங்க் ஆர் ட்ரீட்டும் உண்டு. குட்டிகளுக்கு அதுதான் சுலபம், சாலையைக் கடக்க வேண்டியதில்லை.

படி 5: பூசணி வெட்டுவது (இரண்டு நாள் முன்பு)

அதற்கு முன்னால் வெட்டாதீர்கள். வெட்டிய காய் சில நாளிலேயே பூஞ்சை பிடித்துச் சுருங்கிவிடும். வெயில் அடித்தால் இன்னும் சீக்கிரம். முழுக்காய் வாரக்கணக்கில் தாங்கும், அணில் விட்டுவைத்தால்.

2–3 வயதுக்கு வெட்டும் வேலையே வேண்டாம். முழுக்காயில் ஸ்டிக்கர் ஒட்டட்டும், வர்ணம் பூசட்டும். 4–5 வயதுப் பிள்ளை மார்க்கரால் முகம் வரையும், கத்தி உங்கள் கையில். 6–7 வயதில் உள்ளே சுரண்டும் வேலையை முழுதாகக் கொடுத்துவிடலாம்.

செய்கிற விதம்: தரையில் செய்தித்தாள் விரியுங்கள். மூடியை மேலே வெட்டுவதென்றால் கத்தியை உள்பக்கமாகச் சாய்த்து வெட்டுங்கள். நேராக வெட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும். ஐஸ்கிரீம் கரண்டியால் விதையையும் நாரையும் வழித்தெடுங்கள். முகம் வருகிற பக்கத்தில் சதையை ஓர் அங்குல கனத்துக்குச் சுரண்டிவிட்டால் வெட்டுவது எளிது. இரண்டு கண், ஒரு மூக்கு, இரண்டு பல் போதும். பிள்ளை வரைந்தது கோணல்மாணலாக இருந்தால் அப்படியே வெட்டுங்கள், திருத்தாதீர்கள். உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம். பேட்டரி விளக்கு வையுங்கள், வேஷத்துணி தீப்பிடிக்கிற பயம் இல்லை.

விதையைக் கழுவித் துடைத்து, கொஞ்சம் எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை பெருங்காயம் பிசறி, ஓவனில் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 15–20 நிமிடம் வறுங்கள். இடையில் ஒருமுறை கிளறுங்கள். இது பெரியவர்களுக்கு, 4 வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

நியூஜெர்சியில் இருக்கிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அக்டோபர் 30 இரவு இங்கே மிஸ்சீஃப் நைட். பதின்ம வயதுப் பிள்ளைகள் மரத்தில் டாய்லெட் பேப்பர் சுற்றுவார்கள், முட்டை எறிவார்கள். அன்று ஒரு ராத்திரி பூசணியை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.

படி 6: அந்த மாலை

முதலில் சாப்பாடு, நாலரை மணிக்கே. வயிறு நிறைந்த பிள்ளை மிட்டாயையும் குறைவாகத் தின்னும், தெருவில் சிணுங்கவும் சிணுங்காது. அயர்லாந்தில் அன்றைக்கு பார்ம்பிராக் என்ற உலர்திராட்சை ரொட்டிக்குள் ஒரு மோதிரத்தை வைத்துச் சுடுவார்கள். யார் துண்டில் மோதிரம் வருகிறதோ அவருக்குச் சீக்கிரம் கல்யாணம். நம் வீட்டில் அந்தச் சின்னப் பூசணியில் பரங்கிக்காய் கூட்டும் சூடாகச் சோறும் போதும். வருடா வருடம் அதேதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் புகைப்படம்: அதே வாசல், அதே படி, பக்கத்தில் அந்தப் பூசணி. இடத்தை மாற்றாதீர்கள், வளர்ந்தது தெரிய வேண்டுமானால் அளவுகோல் மாறக் கூடாது.

ஐந்து மணிக்குக் கிளம்பலாம். 2007இலிருந்து, குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவது நவம்பர் முதல் ஞாயிறுக்குப் போய்விட்டதால், அக்டோபர் 31 அன்று எங்கள் பக்கம் கிட்டத்தட்ட ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும். குட்டிகளுக்கு ஐந்திலிருந்து ஆறு போதும். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்று பொருள். அணைந்திருந்தால் அந்த வீட்டு மணியை அடிக்காதீர்கள். "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்று சொல்வது, ஒன்று மட்டும் எடுப்பது, "தேங்க் யூ" சொல்வது, இந்த மூன்றையும் முந்தின நாள் உங்கள் வீட்டுக் கதவிலேயே ஒத்திகை பாருங்கள். கூச்சப்படுகிற பிள்ளை பேசாமல் பையை நீட்டினாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முன்பின் தெரியாதவர் தருகிற மிட்டாயில் விஷம் இருக்குமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியல் பேராசிரியர் ஜோயல் பெஸ்ட் இத்தகைய செய்திகளைப் பல பத்தாண்டுகளாகத் துருவிப் பார்த்தவர். அப்படி ஒரு குழந்தை இறந்ததாகவோ கடுமையாகப் பாதிக்கப்பட்டதாகவோ உறுதியான சம்பவம் ஒன்றுகூட அவருக்கு அகப்படவில்லை. அன்றைக்கு நிஜமான ஆபத்து கார்தான். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வேஷத்தில் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள், நிறுத்தியிருக்கிற கார்களுக்கு நடுவிலிருந்து சாலைக்குள் இறங்காதீர்கள்.

ஆறு மாத விசாவில் தாத்தா பாட்டி வந்திருந்தால் வாசலில் ஒரு நாற்காலி போட்டு மிட்டாய்க் கிண்ணத்தை அவர்கள் கையில் கொடுங்கள். ஆங்கிலம் தேவையே இல்லை. ஆளுக்கு ஒன்று என்று நீங்கள் எத்தனை தடவை சொன்னாலும் பாட்டி கைநிறைய அள்ளிப் போடுவார், அதனால் ஒரு பை கூடுதலாக வாங்கி வையுங்கள். எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்பது தெருவுக்குத் தெரு மாறும். பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

படி 7: மிட்டாய்க் கணக்கு

வீட்டுக்கு வந்ததும் தரையில் கொட்டி வகை பிரிக்கட்டும். தின்பதைவிட இதில்தான் சில பிள்ளைகளுக்குச் சந்தோஷம். 4 வயதுக்குக் கீழ் என்றால் கெட்டி மிட்டாய், சூயிங்கம், பாப்கார்ன், முழுக் கொட்டைகளை எடுத்துவிடுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள வீட்டில் ஒவ்வொரு பொட்டலமாகப் படியுங்கள். சின்ன சைஸில் சேர்மானம் மாறுவதுண்டு. வாசலில் நீலப்பச்சைப் பூசணி இருந்தால் அங்கே பென்சில், ஸ்டிக்கர் மாதிரி தின்னாத பொருளும் தருவார்கள்; ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக 2014இல் நாடு முழுக்கப் பரவிய ஏற்பாடு அது.

சைவக் குடும்பங்கள், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அமெரிக்காவில் விற்கிற ஸ்டார்பர்ஸ்ட்டில் உண்டு, மார்ஷ்மெல்லோவிலும் பெரும்பாலான கம்மி கரடிகளிலும் உண்டு, கேண்டி கார்னிலும் பெரும்பாலும் இருக்கும். ஸ்கிட்டில்ஸில் கிடையாது.

அன்று இரவு கொஞ்சம் தாராளமாக விடுங்கள், மறுநாளிலிருந்து சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. மிச்சத்தை ஒரு பொம்மைக்கோ புத்தகத்துக்கோ பண்டமாற்று செய்கிற வீடுகளும் உண்டு.

படி 8: நவம்பர் 1

பேட்டரி விளக்கு, மிட்டாய்ப் பை, ஒளிரும் பட்டை எல்லாம் ஒரே பெட்டிக்குள் போகட்டும். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: எத்தனை பை மிட்டாய் செலவானது, எந்தத் தெரு நன்றாக இருந்தது, எந்த வீட்டு எலும்புக்கூடு கத்தியது. அன்றைக்குக் கடைகளில் அலங்காரப் பொருள் பாதி விலைக்கு வரும். விளக்கு வேண்டுமானால் அப்போது வாங்குங்கள், வேஷம் மட்டும் வாங்காதீர்கள், அடுத்த வருடம் டைனோசர் பிடிக்குமா என்று டைனோசருக்கே தெரியாது. வெட்டிய பூசணி தொளதொளவென்று ஆவதற்குள் விளக்கை எடுத்துவிட்டுக் காயை உரக்குழியில் போடுங்கள். வர்ணம் பூசியது உரத்துக்கு ஆகாது, அது குப்பைக்கு.