காவடிப் பாடலை வீட்டிலேயே பதிவு செய்ய: ரீப்பரில் தாளத்தையும் தாமதத்தையும் சரிசெய்யும் முறை

தைப்பூசம் நெருங்கும்போது மொரீஷியஸில் கோயில் பஜனைக் குழுவினர் பலர் தங்கள் பாடல்களைத் தாங்களே பதிவு செய்ய விரும்புகிறார்கள். ஒரு மடிக்கணினி, மைக்கைக் கணினியுடன் இணைக்கும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் ஆகியவை இருந்தால் இது வீட்டிலேயே நடக்கும். நான் பயன்படுத்துவது ரீப்பர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருள். 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்த பிறகு உரிமம் வாங்கிக்கொள்ளலாம் என்பதும், பழைய கணினியிலும் அது திணறாமல் ஓடுகிறது என்பதும் என் காரணங்கள். அடாசிட்டி என்னும் இன்னொரு மென்பொருள் ஒரு குரலைப் பதிந்து வெட்டி ஒட்டுவதற்கு நல்லது. குரல்மேல் குரலாக அடுக்கிப் பாடுவதற்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மென்பொருளை நிறுவுவதில் விளக்குவதற்கு ஒன்றுமில்லை.

முதலில் ஆல்ட், என்டர் விசைகளைச் சேர்த்து அழுத்தித் திட்ட அமைப்பைத் திறந்து, மாதிரி வீதத்தை, அதாவது வினாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பதை, 48,000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அதே இடத்தில்தான் தாள அமைப்பும் இருக்கிறது. புதிய திட்டம் 4/4 தாளத்தில், நிமிடத்துக்கு 120 என்ற வேகத்தில் திறக்கும். மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் செல்லும் காவடிச்சிந்துக்கும், ரவான் மேளத்தோடு வரும் மொரீஷியஸின் செகா இசைக்கும் இது பொருந்தாது. 6/8 என்று மாற்றுங்கள். வேக எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் அந்த எண்ணைக் கால் சுர (குவாட்டர் நோட்) அளவில் கணக்கிடுகின்றன. நாம் கை தட்டுவதோ மூன்று அரைக்கால் (அதில் பாதி) சுரங்களுக்கு ஒரு தட்டு. ஆகவே நிமிடத்துக்கு 80 தட்டுகள் வேண்டுமென்றால் அதை ஒன்றரையால் பெருக்கி 120 என்று கொடுக்க வேண்டும். தாளம் தட்டும் மெட்ரோனோமை ஓடவிட்டு உடன் தட்டிப் பார்த்தால் சரியா தவறா என்பது உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது தாமதம், அதாவது பாடிய ஒலி கணினிக்குள் சென்று ஹெட்ஃபோனுக்குத் திரும்ப எடுக்கும் நேரம். என்னை அதிக நேரம் பிடித்து வைத்த படி இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். விருப்பத்தேர்வுகளில் ஆடியோ சாதனப் பகுதிக்குச் சென்று, விண்டோஸ் கணினியாக இருந்தால் தாமதத்தைக் குறைக்கும் இயக்கி வகையான ஏசியோவைத் தேர்ந்தெடுங்கள். இன்டர்ஃபேஸ் தயாரித்த நிறுவனமே தரும் ஏசியோ இயக்கியே எப்போதும் மேலானது. ஏசியோ4ஆல் என்னும் பொது இயக்கி கணினியின் உள் ஒலி அட்டையைத் தவிர வேறு வழியில்லாதவர்களுக்கு. பிறகு பஃபர் அளவு, அதாவது கணினி ஒருமுறைக்கு எத்தனை மாதிரிகளைச் சேர்த்து வைத்துக் கையாளுகிறது என்பது. 48,000 ஹெர்ட்ஸில் 256 மாதிரிகள் என்றால் ஏறத்தாழ 5.3 மில்லிவினாடி, 1,024 என்றால் 21.3 மில்லிவினாடி. ஒலி உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை என இது இரட்டிக்கும். இன்டர்ஃபேஸின் மாற்றிகள் எடுக்கும் நேரமும் அதனுடன் சேரும். பாடும்போது 128 அல்லது 256 போதும். கலவை செய்யும்போது 1,024க்கு உயர்த்திவிட்டால் பிளகின்கள் (ஒலியை மாற்றும் துணை நிரல்கள்) பல இருந்தாலும் ஒலி எளிதில் வெடிக்காது.

பஃபரைக் குறைத்த பிறகும், ஹெட்ஃபோனில் மேளத்தைக் கேட்டுக்கொண்டு சரியாகப் பாடிய குரல், திரும்பக் கேட்கும்போது தாளத்துக்குச் சற்றுப் பின்னால் விழுவதுண்டு. பாடியவரின் தாளஞானத்தை இதற்காகச் சந்தேகிக்க வேண்டியதில்லை. இயக்கி தன் தாமதம் என்று தெரிவிக்கும் அளவும் உண்மையான தாமதமும் வேறுபடுவதே காரணம். அதை அளக்க, இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து அதன் உள்ளீட்டுக்கே ஒரு கம்பியை இணையுங்கள். அதற்கு முன் மைக்குக்குச் செல்லும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். பதியும் தடத்தின் மானிட்டரிங்கையும் இன்டர்ஃபேஸின் நேரடி மானிட்டரையும் அணைக்க மறந்தால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து வீறிடும். ஒரு தடத்தில் கூர்மையான 'டிக்' ஒலியை வைத்து, அதை இன்னொரு தடத்தில் பதியுங்கள். இரண்டு அலைவடிவங்களையும் நன்றாகப் பெரிதாக்கி, இடையிலுள்ள இடைவெளியை மாதிரிகளில் எண்ணி, ஆடியோ பதிவு அமைப்பிலுள்ள உள்ளீட்டு ஈடு என்னும் கட்டத்தில் எழுதுங்கள். மறுபடி பதிந்து பார்க்கும்போது இடைவெளி மறைய வேண்டும். இரட்டித்திருந்தால் எண்ணின் குறியை மாற்றுங்கள். பஃபரையோ மாதிரி வீதத்தையோ மாற்றினால் இந்தச் சோதனையை மறுபடி செய்துகொள்வது நல்லது.

ஒலி அளவைப் பொறுத்தவரை, உரத்துப் பாடும் இடத்திலும் உச்சம் கழித்தல் 10 டெசிபெல் அருகிலேயே நிற்கட்டும். 24 பிட்டில் பதிந்தால் குறைவான அளவால் நட்டமில்லை. உச்ச எல்லையான பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த குரலைத் திரும்பப் பெற முடியாது.

நாதஸ்வரம் வாசிப்பவர் கிடைக்காமல் மிடி விசைப்பலகையால் வாசிப்பவர்கள், சுர வளைவின் (பிட்ச் பெண்ட்) எல்லையை மென்கருவியில், அதாவது நாதஸ்வர ஒலியைத் தரும் மென்பொருளில், மாற்றியாக வேண்டும். பெரும்பாலானவற்றில் அது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் மட்டுமே என்பதால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் நீண்ட ஜாரு அதற்குள் அடங்காது. 12 என்று வையுங்கள். குரலுக்குத் தானியங்கிச் சுரத் திருத்தியைப் போடுவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். அது சுர அசைவான கமகத்தைப் பிழையென்று எண்ணிப் படிக்கட்டாக வெட்டிவிடும். அதேபோல் ரவானின் அடிகளைத் திரையிலுள்ள தாளக் கோடுகளை நோக்கி நூறு சதவீதம் இழுத்தால் செகாவின் ஆட்டம் போய்விடும். பாதியளவு இழுத்தாலே போதும்.

பின்சேர்க்கை: பதிவில் தொடர்ந்து 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த இரைச்சலும் 50, 100, 150 ஹெர்ட்ஸ்களில்தான் இருக்கும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி மின்கலத்தில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால், பாடும் நேரம் மட்டும் அப்படியே பதிவு செய்யுங்கள். மூன்று முள் செருகியின் நிலக்கம்பியைத் துண்டிக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மிச்சமிருக்கும் இரைச்சலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் பெண் குரலில் வடிகட்டிவிடலாம். தவில் தடத்தில் மட்டும் அதைச் செய்ய வேண்டாம், தொப்பிப் பக்கத்தின் கனம் அங்கேதான் இருக்கிறது.