மாதாமாதம் கேபிள் பணம் கட்டாமல் மேட்ச் பார்ப்பது எப்படி?

மேட்ச் பார்ப்பதற்காக மட்டுமே கேபிளையோ டிடிஎச்சையோ விடாமல் வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. செய்தி, சினிமா, காமெடி எல்லாம் யூடியூபிலேயே ஓடிவிடுகிறது, ஆனால் ஐபிஎல் வந்தால் என்ன செய்வது என்ற ஒரே யோசனையில் வருடம் பூராவும் மாதம் 300, 350 என்று கட்டிக்கொண்டே இருப்பார்கள். வருடக் கணக்கு போட்டால் நாலாயிரத்தைத் தொடும். ஐபிஎல் நடப்பதோ மார்ச் கடைசியிலிருந்து கிட்டத்தட்ட மே இறுதி வரை, அவ்வளவுதான். விளையாட்டுக்கு சீசன் இருக்கிறது, நாம் கட்டும் பணத்துக்கும் சீசன் இருக்கட்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

படி 1: எதைப் பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள்

எந்த ஆப் வாங்கலாம் என்று தேடுவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் வீட்டில் உண்மையிலேயே பார்க்கும் விளையாட்டுகளை எழுதுங்கள், பக்கத்தில் அவை நடக்கும் மாதங்களையும். "ஸ்போர்ட்ஸ் எல்லாம் பார்ப்போம்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் ஐபிஎல், இந்தியா ஆடும் ஒருநாள் மற்றும் டி20, புரோ கபடி, இந்த மூன்றோடு பட்டியல் முடிந்துவிடும். இங்கிலீஷ் பிரீமியர் லீக் பார்க்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அது ஆகஸ்ட் முதல் மே வரை நீளும், அந்த வீட்டுக் கணக்கு வேறு.

படி 2: எது எங்கே வருகிறது

குழப்பமெல்லாம் இங்கேதான். ஒரே இந்திய அணிதான், ஆனால் எங்கே போய் ஆடுகிறது என்பதைப் பொறுத்து சேனலும் ஆப்பும் மாறும், ஏனென்றால் ஒளிபரப்பு உரிமையை விற்பது போட்டியை நடத்தும் நாட்டின் கிரிக்கெட் வாரியம். 2025இல் இந்தியா இங்கிலாந்து போய் டெஸ்ட் ஆடியபோது டிவியில் சோனி, ஆப்பில் ஜியோஹாட்ஸ்டார் என்று பிரிந்து வந்தது.

உள்ளூரில் இந்தியா ஆடும் தொடர்கள், 2027 வரையிலான ஐபிஎல், அதே 2027 வரையிலான ஐசிசி உலகக் கோப்பைகள், கூடவே புரோ கபடி, பிரீமியர் லீக் எல்லாம் ஸ்டார் ஸ்போர்ட்ஸ், ஜியோஹாட்ஸ்டார் பக்கம். ஆசியக் கோப்பையும் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கால்பந்தும் சோனி பக்கம், அதாவது ஆப்பில் சோனி லிவ். ஃபார்முலா 1 கார் பந்தயம் 2024 முதல் ஃபேன்கோடு என்ற ஆப்பில் வருகிறது. ஃபேன்கோடின் நல்ல விஷயம், வருடச் சந்தாவுக்கு இழுக்காமல் ஒரு தொடருக்கோ ஒரு பந்தயத்துக்கோ மட்டும் பாஸ் வாங்கலாம். மற்ற ஆப்களும் இப்படி விற்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஆக, ஐபிஎல்லும் கபடியும் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு ஒரே ஒரு ஆப் போதும், அதுவும் சில மாதங்களுக்கு. 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது மொபைலில் மட்டும் பார்க்கும் திட்டம் 3 மாதத்துக்கு 149 ரூபாய், டிவியிலும் பார்க்கக்கூடிய 'சூப்பர்' திட்டம் 3 மாதத்துக்கு 299 ரூபாய். ஐபிஎல்லுக்கு ஒருமுறை, அப்புறம் கபடி சீசனுக்கு ஒருமுறை என்று சூப்பர் போட்டிருந்தால் வருடத்துக்கு 598 ரூபாயில் வேலை முடிந்தது. இந்த விலைகள் அப்படியே நிற்பவை அல்ல, வாங்கும் அன்று ஆப்பிலேயே பாருங்கள், ஆனால் கணக்கு போடும் விதம் இதுதான்.

வாங்குவதற்கு முன் உங்கள் செல்போன் ரீசார்ஜையும் ஒருமுறை பாருங்கள். பல ரீசார்ஜ்களோடு ஆப் சந்தா சேர்ந்தே வருகிறது, நாம்தான் கவனிப்பதில்லை. ஆனால் அது மொபைலுக்கு மட்டுமா, டிவிக்கும் சேர்த்தா என்பதை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். மொபைல் திட்டத்தை வாங்கிவிட்டு டிவியில் போட முயன்றால் ஓடாது.

படி 3: டிடி ஃப்ரீ டிஷ், இதை மறந்துவிடாதீர்கள்

இந்தப் பதிவில் நீங்கள் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். தூர்தர்ஷன் 2004 முதல் நடத்தும் இலவச டிஷ் சேவை இது. மாதக் கட்டணம் கிடையாது, ரீசார்ஜ் கிடையாது. டிஷ், செட்டாப் பாக்ஸ், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து ஒருமுறை மட்டும் ஏறக்குறைய 2000 ரூபாய் செலவாகும், ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

இதில் வரும் டிடி ஸ்போர்ட்ஸில் இந்திய ஆண்கள் அணியின் ஒருநாள், டி20 போட்டிகளை நேரலையாகப் பார்க்கலாம். இதற்குக் காரணம் 2007இல் வந்த ஒரு சட்டம்: நாட்டுக்கு முக்கியம் என்று அரசு அறிவித்த போட்டிகளை, உரிமை யார் வாங்கியிருந்தாலும், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்தே ஆகவேண்டும். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சரி, நம் வீட்டுக் கேபிளிலும் டிடி ஸ்போர்ட்ஸ் இருக்கிறதே, அதில் ஏன் மேட்ச் வருவதில்லை என்று கேட்பீர்கள். அப்படிப் பகிரப்படும் ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்த டவர் வழியாகவும் ஃப்ரீ டிஷ் வழியாகவும் மட்டுமே போகலாம், தனியார் கேபிளிலும் டிடிஎச்சிலும் போகக்கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அதே சேனல் பெயர், ஆனால் கேபிளில் வேறு நிகழ்ச்சி. இலவசமாக வரவேண்டிய மேட்ச்சுக்கு எத்தனையோ குடும்பங்கள் இன்றும் பணம் கட்டிப் பார்க்கின்றன, அதை நினைத்தால்தான் ஆற்றாமையாக இருக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஐபிஎல் அந்தப் பட்டியலில் இல்லை. வர்ணனை பெரும்பாலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான். பெரிய எச்டி டிவியில் படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அடைமழை பெய்தால் எந்த டிஷ்ஷைப் போலவும் இதுவும் சற்று நேரம் நின்றுபோகும்.

வாங்கும்போது எம்பெக்-4 பாக்ஸாகக் கேட்டு வாங்குங்கள், பழைய எம்பெக்-2 பாக்ஸில் சில சேனல்கள் வராது. டிஷ்ஷை 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளை நோக்கித் திருப்ப வேண்டும். சென்னையில் நின்றால் அது தென்கிழக்கே, நல்ல உயரத்தில், ஏறக்குறைய 68 டிகிரியில் இருக்கிறது, எனவே அந்தத் திசையில் தென்னையோ பக்கத்து மாடியோ மறைக்காத இடமாகப் பாருங்கள். வீட்டில் பழைய டிஷ் சும்மா கிடந்தால் மாட்ட வருபவரிடம் காட்டுங்கள், பெரும்பாலும் அதையே திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

படி 4: நெட் கணக்கு

வீட்டில் ஏற்கெனவே வைஃபை இருக்கிறதா? அப்படியானால் கவலையில்லை. எச்டியில் மேட்ச் ஓட 8 எம்பிபிஎஸ் வேகமே போதும், 30 எம்பிபிஎஸ் சின்னத் திட்டம் தாராளம்.

வைஃபை இல்லாதவர்கள் கவனியுங்கள். எச்டி வீடியோ மணிக்கு 2, 3 ஜிபி சாப்பிடும். டி20 மேட்ச் ஒன்று முடிய கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். நாளுக்கு 1.5 ஜிபி ரீசார்ஜில் ஹாட்ஸ்பாட் போட்டு டிவியில் பார்த்தால் முதல் இன்னிங்ஸ் முடிவதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். அதற்காக மேட்ச் பார்க்க மட்டும் மாதம் 400, 500 ரூபாய்க்கு, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு, புதிதாக பிராட்பேண்ட் போடுவது கேபிளைவிட அதிகச் செலவு, அதைச் செய்யாதீர்கள். உங்களுக்கு ஃப்ரீ டிஷ், கூடவே ஐபிஎல் சமயத்தில் போனில் மொபைல் திட்டம், இதுவே சரி. போனில் தரத்தைக் குறைத்து வைத்தால் டேட்டா நன்றாகவே தாங்கும்.

படி 5: டிவியில் வரவழைப்பது

ஸ்மார்ட் டிவி என்றால் ஆப்பை இறக்கி போன் எண்ணால் உள்ளே போனால் முடிந்தது. பழைய டிவியாக இருந்தால் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ஃபயர் டிவி ஸ்டிக் மாதிரி ஒன்று வாங்கி மாட்டினால் அதுவும் ஸ்மார்ட் டிவிதான். ரூட்டர் வேறு அறையில் இருந்து படம் சுற்றிச் சுற்றி நின்றால் திட்டத்தை மாற்றவேண்டாம், ரூட்டரை டிவி பக்கம் நகர்த்திப் பாருங்கள். ஆப்பில் படம் கேபிளைவிடச் சற்றுத் தாமதமாகத்தான் வரும், அதற்கு நாம் எதுவும் செய்ய முடியாது.

செஸ், பேட்மின்டன், டேபிள் டென்னிஸ் பிரியர்கள் பணம் கட்டுவதற்கு முன் யூடியூபில் அந்தந்த உலகக் கூட்டமைப்பின் சேனலைத் தேடிவிடுங்கள். செஸ்ஸில் குகேஷ் உலக சாம்பியன் ஆன 2024 போட்டியை யூடியூபில் இலவசமாகவே பார்க்க முடிந்தது.

டெலிகிராம் லிங்க், யாரோ அனுப்பும் ஏபிகே ஆப், "வருடத்துக்கு 500 ரூபாயில் எல்லா சேனலும்" என்று விற்கும் பாக்ஸ், இவை பக்கமே போகாதீர்கள். சட்டப்படி குற்றம் என்பதோடு, அதே போனில்தான் உங்கள் வங்கிக் கணக்கும் இருக்கிறது.

கேபிளை எடுக்க வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்

அம்மாவுக்கு சீரியல் வேண்டும், அப்பாவுக்கு ரிமோட்டில் எண் அழுத்தினால் சேனல் வரவேண்டும், அது நியாயம்தான். அப்போது கேபிளை வைத்துக்கொண்டு பேக்கை மட்டும் குறையுங்கள். 2019இல் அமலுக்கு வந்த ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி எந்தச் சேனலையும் தனியாகக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. பெரிய ஸ்போர்ட்ஸ் பேக்கை எடுத்துவிட்டு, ஐபிஎல் தொடங்கும்போது ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள், முடிந்ததும் நீக்கச் சொல்லுங்கள். "தனியா எல்லாம் தரமுடியாதுங்க, பேக்காத்தான் வரும்" என்று கேபிள்காரர் சொன்னால் விட்டுவிடாமல் இன்னொருமுறை கேளுங்கள்.

கடைசிப் படி: நிறுத்துவது

டிடிஎச் முன்பணம் கட்டும் சேவை, ரீசார்ஜை விட்டாலே நின்றுவிடும். கேபிள் என்றால் நேரில் சொல்லி, பாக்ஸ் அவர்களுடையதா உங்களுடையதா என்று கேட்டு, முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். உடனே எடுத்துவிடாமல் ஒரு மாதம் புதிய ஏற்பாட்டையும் சேர்த்து ஓட்டிப் பார்ப்பது நல்லது.

ஆப் சந்தா வாங்கிய அன்றே இன்னொரு வேலையும் செய்யுங்கள்: பணம் கட்டிய யுபிஐ ஆப்பைத் திறந்து ஆட்டோபே (தானாகப் பணம் எடுக்கும் அனுமதி) பகுதிக்குப் போய் அந்தச் சந்தாவை ரத்து செய்துவிடுங்கள். கட்டிய காலம் முடியும்வரை ஆப் வழக்கம்போல் வேலை செய்யும், அடுத்த சீசன் வரும்போது வேண்டுமானால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.