மேலுதட்டு முடியை வீட்டிலேயே நூல் போட்டு எடுப்பது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

போன மே மாத விடுமுறைக்கு அக்கா மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பத்தாவது முடித்திருந்த நேரம். ஒரு மத்தியானம் குளியலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. கதவைத் தட்டினேன். என் கணவரின் ஷேவிங் ரேசரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மேலுதட்டின் ஓரத்தில் கீறி, ஒரு பொட்டு ரத்தம். "சித்தி, கிளாஸ்ல எல்லாரும் மீசைக்காரினு கூப்பிடறாங்க" என்றாள். அன்றைக்கு அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவளிடம் முதலில் சொன்னது, எடுத்தே தீர வேண்டும் என்று ஒன்றுமில்லை என்பதுதான். மேலுதட்டில் முடி இல்லாத பெண் கிடையாது. நம் ஊர்ப் பெண்களுக்குத் தலைமுடி கருகருவென்று இருக்கிற மாதிரியே இதுவும் கொஞ்சம் கறுப்பாக இருப்பதால் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். உங்களுக்கு உறுத்தினால் எடுங்கள். கிண்டல் செய்கிறவர்களுக்காக அவசரப்பட்டு ரேசரைத் தூக்க வேண்டாம்.

முதல் படி: என்ன முடி என்று பாருங்கள்

பகல் வெளிச்சத்தில், கைக்கண்ணாடியோடு ஜன்னல் பக்கத்தில் நின்று பாருங்கள். மேலுதட்டிலும் கன்னத்திலும் மெல்லியதாக, மிருதுவாக இருப்பது பூனைமுடி. பரம்பரையாக வருவது. தாடையிலும் கழுத்திலும் தடித்த, சுருண்ட, தொட்டால் குத்துகிற முடி வருகிறதா? அதோடு மாதவிலக்கு 35 நாளுக்கு மேல் தள்ளிப் போகிறதா? பருக்கள் அடங்காமல் வருகின்றனவா? உச்சந்தலையில் முடி கொட்டுகிறதா? அப்படியென்றால் நூலை எடுக்கும் முன் மகப்பேறு மருத்துவரையோ தோல் மருத்துவரையோ பாருங்கள். நாம் பிசிஓடி என்று சொல்கிற பிசிஓஎஸ்ஸாக, அதாவது சினைப்பையோடு சம்பந்தப்பட்ட ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். ஆண்களுக்கு மீசை வரவைக்கிற ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் பெண் உடம்பிலும் கொஞ்சம் சுரக்கும். அவை கூடினாலோ, முடிக்கால்கள் அவற்றுக்கு அதிகமாக அசைந்துகொடுத்தாலோ பூனைமுடி தடித்த முடியாக மாறிவிடுகிறது. ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்கள். மருந்து கொடுத்தாலும் முடி குறைவது தெரிய ஆறு மாதம்கூட ஆகும். அதுவரை நூல் போட்டுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வழவழவென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

சில மாதங்களுக்குள் திடுதிப்பென்று முடி அடர்ந்து, குரலும் ஆண்குரல் போலத் தடித்தால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவே கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெடிக்கலில் கேட்டு வாங்கி, சிவப்பாக வேண்டும் என்று மாதக்கணக்கில் தடவுகிற சில களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது தோலை மெலிய வைக்கும், முகத்தில் முடியையும் வளர்க்கும். அப்படி ஏதாவது போடுகிறீர்கள் என்றால் ட்யூபை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்தினாலும் முகம் சிவந்து எரியும்.

இரண்டாம் படி: நாளும் பொருளும்

கல்யாணத்துக்கோ காலேஜ் விழாவுக்கோ போகும் நாளன்று முதல்முறை செய்து பார்க்காதீர்கள். இரண்டு மூன்று நாள் முன்னதாகவே, இரவு முகம் கழுவியபின் செய்தால் காலைக்குள் சிவப்பு அடங்கிவிடும். தையல் சாமான் கடையில் காட்டன் நூல் என்று கேட்டு வாங்குங்கள். பாலியஸ்டர் நூல் வழுக்கும், முடியைப் பிடிக்காது. அதோடு முகப்பவுடர், சின்னக் கத்தரி, துணியில் சுற்றிய ஐஸ்கட்டி. இவ்வளவு போதும். பரு, புண், வெயிலில் கன்றிய தோல் இருந்தால் ஆறட்டும். பருவுக்கு அடாபலீன், ட்ரெட்டினாயின் களிம்பு போடுகிறவர்களும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் நூலையோ வாக்ஸையோ தொடாதீர்கள். அந்தத் தோல் சீக்கிரம் உரிந்துவரும்.

மூன்றாம் படி: காலில் பழகுங்கள்

முகத்துக்கு நேராகப் போகாதீர்கள். அக்கா மகளை முதல் இரண்டு நாள் முழங்காலுக்குக் கீழேதான் பழக வைத்தேன்.

கையிலிருந்து முழங்கை வரை இரண்டு மடங்கு நீளத்துக்கு நூலை வெட்டி, இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டு ஒரு வளையமாக்குங்கள். இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையத்துக்குள் விட்டு இழுத்துப் பிடியுங்கள். நீள்சதுரம் போல வரும். ஒரு கையை அப்படியே வைத்துக்கொண்டு மற்றக் கையை ஏழெட்டுத் தடவை சுழற்றுங்கள். நடுவில் ஒரு முறுக்கு விழும். இப்போது வலது கை விரல்களை விரித்து, இடது கை விரல்களைச் சேருங்கள். முறுக்கு இடது பக்கம் ஓடும். இடது கையை விரித்தால் வலது பக்கம் ஓடிவரும். ஓடும்போது எதிரே நூலின் இடைவெளிக்குள் கிடக்கிற முடியை முறுக்கு கவ்வி, வேரோடு பிடுங்கும். இதுதான் மொத்த வித்தை. சும்மா காற்றில் ஐம்பது தடவை ஓட்டிப் பாருங்கள். கை பழகிவிட்டால் 'கிர்ர்' என்று ஒரு சீரான சத்தம் வரும். சத்தம் விட்டுவிட்டு வந்தால் நூல் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

நான்காம் படி: மேலுதட்டில்

ஈரம் துளிகூட இல்லாமல் துடைத்து, பவுடரை லேசாகத் தட்டுங்கள். முடி தனித்தனியாக நிமிர்ந்து தெரியும். மேலுதட்டு முடி பெரும்பாலும் மூக்குக்குக் கீழிருந்து வாயோரத்தை நோக்கிச் சாய்ந்து வளரும். முறுக்கு அதற்கு எதிர்த்திசையில், வாயோரத்திலிருந்து மூக்குப் பக்கம் ஓட வேண்டும்.

வலது ஓரத்தில் தொடங்குவோம். முறுக்கு வலது வாயோரத்தில் இருக்கட்டும். விரிந்த பக்கம் மூக்கைப் பார்த்து இருக்கட்டும். நாக்கை மேலுதட்டுக்கு உள்ளே கொடுத்து உப்பலாகத் தள்ளுங்கள். பார்லரில் இதைத்தான் செய்யச் சொல்வார்கள். தோல் விறைப்பாக நிற்கவில்லையென்றால் முடிக்குப் பதில் தோல் மாட்டிக்கொண்டு கீறிவிடும். நூலைத் தோலோடு படியவைத்து வலது கை விரல்களைச் சட்டென்று விரியுங்கள். கண்ணில் தண்ணீர் வரும். தும்மலும் வரலாம். பயப்படாதீர்கள், மூக்கடி அப்படிப்பட்ட இடம். ஒரு தடவைக்கு நாலைந்து முடி வந்தால் போதும், பேராசைப்பட்டு அகலமாகப் பிடிக்காதீர்கள். ஒரே இடத்தில் மூன்று தடவைக்கு மேல் ஓட்டவும் வேண்டாம். மிச்சம் நிற்கிற ஒன்றிரண்டை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

முடித்ததும் துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை இரண்டு நிமிடம் ஒற்றுங்கள். அப்புறம் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். அன்றைக்கு எலுமிச்சை, மஞ்சள், ஸ்க்ரப் எதுவும் வேண்டாம். மறுநாள் வெயிலில் போனால் சன்ஸ்கிரீன் போடுங்கள். நம் நிறத் தோல் கொஞ்சம் புண்பட்டாலும் ஆறிய இடம் கறுத்துவிடும். இது எனக்கு அனுபவம். கல்லூரி நாட்களில் முடி நீக்கும் க்ரீமைத் தடவிவிட்டு போனில் பேச்சு சுவாரசியத்தில் நேரத்தை மறந்துவிட்டேன். தோல் வெந்து, முடி இருந்த இடத்தில் மீசை போலவே ஒரு கறுப்பு நிழல் நாலு மாதம் நின்றது. அந்த நாலு மாதமும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டே பேசினேன். உங்களில் யாருக்கும் அது வர வேண்டாம் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மற்ற வழிகள்

ரேசர் போட்டால் முடி தடித்து வளரும் என்பது பொய். நுனி மழுங்கலாக வெட்டுப்படுவதால் தடிப்பு மாதிரி தோன்றுகிறது. முகத்துக்கென்று விற்கிற சின்ன ரேசரை, ஜெல் தடவி, முடி சாய்ந்த திசையிலேயே இழுத்தால் வலியே இல்லை. இரண்டு மூன்று நாளில் திரும்ப முளைக்கும், அவ்வளவுதான். தாடையில் இருக்கிற முரட்டு முடியைப் பிடுங்கப் பிடுங்க உள்ளுக்குள்ளேயே சுருண்டு கட்டியாகிறவர்களுக்கு ரேசரோ கத்தரியோதான் நல்லது.

கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனியும் ஆயாக்கள் காலத்திலிருந்து வருகின்றன. முகத்துக்குப் பூசுங்கள், எனக்கும் அந்த வாசனை பிடிக்கும். வேரோடு முடி போய்விடும் என்று நம்பி வருடக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

லேசர் கறுத்த, தடித்த முடிக்கு நன்றாகக் கேட்கும். நரைத்த முடிக்குக் கேட்காது. மெல்லிய பூனைமுடிக்கு லேசர் வைத்தால் சிலருக்கு முடி இன்னும் கூடுவதும் உண்டு, நம் தெற்காசியப் பெண்களின் முகத்தில் குறிப்பாக. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட எண்டியாக் (Nd:YAG) என்ற வகை லேசர்தான் பாதுகாப்பு அதிகம். எந்த லேசர் என்று கேட்டு, தோல் மருத்துவர் இருக்கிற இடத்தில் மட்டும் செய்துகொள்ளுங்கள்.

நூல் போட்டால் இரண்டிலிருந்து நாலு வாரம் தாங்கும். ஜூலையில் அக்கா மகள் போன் செய்தாள். வலது பக்கம் சுத்தமாக வருகிறதாம், இடது பக்கம் மட்டும் ஒரு முடிகூட மாட்டவில்லையாம். வீடியோ காலில் செய்துகாட்டச் சொன்னேன். இரண்டு பக்கத்துக்கும் வலது கையையே விரித்துக்கொண்டிருந்தாள். இடது பக்கத்துக்கு முறுக்கு இடது வாயோரத்தில் தொடங்க வேண்டும், விரிய வேண்டியது இடது கை.