ஏசித் தண்ணீர் சுவரில் இறங்காமல் வெளியேற

ஏசியிலிருந்து வரும் தண்ணீர் அறைக்காற்றின் ஈரமே. அது குளிர்ந்த சுருளின் மேல் பட்டுத் துளியாகி, அடித்தட்டில் சேர்ந்து, டிரெயின் பைப் வழியே வெளியேறுகிறது. காற்றில் ஈரம் கூடினால் தண்ணீரும் கூடும் என்பதால், பங்குனி வெயிலில் தெரியாத அடைப்பு, எங்கள் திருப்பூர்ப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று நுழையும் ஆனி, ஆடியில் தலைகாட்டுவதுண்டு.

வீட்டுச் சுவர் ஏசிகளில் இத்தண்ணீரைத் தள்ள மோட்டார் பொதுவாக இருப்பதில்லை. வாட்டம் ஒன்றே அதை நகர்த்துகிறது. மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது இறக்கம் வேண்டும். சுவரில் போடும் துளையும் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். குழாய் நடுவில் தொய்ந்து மீண்டும் ஏறினால், அப்பள்ளத்தில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். திருப்பூரில் எங்கள் மாடி அறையில் தண்ணீர் சொட்டியபோது, வந்து பார்த்த இருவர் கேஸ் குறைவு என்றார்கள். மூன்றாமவர்தான் சன்ஷேடின் மேல் தொய்ந்து கிடந்த குழாயைக் காட்டினார். கேஸ் குறைந்தாலும் சுருளில் பனி உறைந்து, பிறகு உருகிச் சொட்டும் என்பது உண்மையே. ஆனால் பனியே இல்லாத இடத்தில் கேஸுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், குழாயின் மேல் ஒரு ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பது நல்லது.

வாட்டம் சரியாக இருந்தும் சொட்டினால், அடைப்பைத் தேட வேண்டும். முதலில் ஏசிக்கு மின்சாரம் போகும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு, ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். பிறகு மின்பலகை இருக்கும் பக்கத்தில் சிந்தாமல், ஒரு டம்ளர் தண்ணீரை அடித்தட்டில் மெல்ல ஊற்றி, வெளியே ஒருவரை நிறுத்திக் குழாய் முனையைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் தயங்கினால், ஈரத்தையும் இழுக்கக்கூடிய வேக்குவம் கிளீனரை அந்த வெளிமுனையில் பொருத்தி, இடைவெளியை நனைந்த துணியால் சுற்றி, ஓரிரு நிமிடம் இழுக்கவிடுங்கள். எங்கள் குழாயிலிருந்து வந்தது, பனியன் கம்பெனிப் பக்கத்துப் பஞ்சுத் தூசியும் பாசியும் சேர்ந்து, நனைந்த விளக்குத்திரி போலச் சாம்பல் நிறத்தில் திரண்ட ஒரு விரல் நீளக் கட்டி. கம்பியை விட்டுக் குத்தினால் நெளிகுழாய் கிழிந்துவிடும். ஆசிட் ஊற்றினால் சுருள் அரிக்கும். வெளியிலிருந்து காற்றடித்தால் அழுக்கு திரும்பவும் தட்டுக்கே போய்ச் சேரும்.

குழாயின் முனை திறந்த வெளியில் இருக்க வேண்டும். கழிவுக்குழாயில் நேராகச் செருகினால், அதன் நாற்றம் படுக்கையறைக்கு வரும். வாளித் தண்ணீருக்குள் முனை மூழ்கினாலும் ஓட்டம் தடைபடும். ஆடிக்காற்றில் குழாய் ஆடி வளையாதபடி கிளிப் அடித்துக்கொள்ளுங்கள். குளவி கூடு கட்டும் இடமாக இருந்தால் வலைத்துணி கட்டலாம், ஆனால் அதையும் அவ்வப்போது கழுவ வேண்டும். அறைக்குள்ளோ பொய்க்கூரைக்கு மேலோ ஓடும் பகுதிக்கு நுரையுறை போடாவிட்டால், குழாயே வியர்த்துச் சொட்டும்.

வெளியேறும் தண்ணீரில் போர் தண்ணீரின் உப்பு இல்லை என்பதால், தொட்டிச் செடிகளுக்கும் தரை துடைக்கவும் உதவும். தூசியும் உலோகமும் கலந்திருக்கக்கூடும் என்பதால் குடிக்கவோ, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றவோ கூடாது. பிடித்துவைக்கும் வாளியை மூடிவைத்து, வாரம் ஒருமுறையேனும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டையிட அதில் தேங்கிய சிறிது தண்ணீரே போதும்.