பெஞ்ச் கிரைண்டரில் கல் மாற்றுவது எப்படி (இடது பக்க நட்டும் நாலு தையலும்)

வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பட்டறை போட்டு, லேத் டூல் சாணை பிடிக்க 150 மி.மீ. பெஞ்ச் கிரைண்டர் (மோட்டாரின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாணைக்கல் மாட்டிய மெஷின்) ஒன்று வைத்திருக்கிறேன். கல் தேய்ந்துபோனது, சரி மாற்றிவிடலாம், அரைமணி நேர வேலைதானே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். பதினொரு மணிக்கு வலது கையில் தையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனைக்கும் மெஷின் ஓடவே இல்லை.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கவரைக் கழற்றுவதெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை, நாலு ஸ்க்ரூதான்.

அடுத்தது நட்டு. நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். வலது பக்க நட்டு நமக்குப் பழக்கமான மரைதான், ஆனால் இடது பக்கத்தில் இருப்பது இடது மரை, வழக்கத்துக்கு நேர்மாறாகத் திருப்பினால்தான் கழலும். எனக்கு அது தெரியாது. வழக்கம்போல இடஞ்சுழியாகத் திருப்பினேன், அசையவில்லை, துரு பிடித்திருக்கும் என்று எண்ணெய் விட்டேன், அப்புறமும் அசையாததால் ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி முழு பலத்தையும் போட்டுத் தள்ளினேன். கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இறுக்கிக்கொண்டே போயிருக்கிறேன். ஸ்பேனர் வழுக்கியது, விரல் முட்டி நேராகப் போய்ப் பின்சுவரில் இருந்த ஆங்கிள் ஷெல்ஃபின் விளிம்பில் இடித்தது. நாலு தையல், இரண்டு வாரம் சாப்பாடு இடது கையில்.

வலஞ்சுழி இடஞ்சுழி என்று மனப்பாடம் செய்தால் அவசரத்தில் மறந்துபோகும். நான் இப்போது வைத்திருக்கும் கணக்கு இது: கிரைண்டருக்கு முன்னால் நில்லுங்கள், ஸ்பேனரை நட்டில் மாட்டிப் பிடியை மேலே பார்க்கிற மாதிரி வையுங்கள். உங்களை நோக்கி இழுத்தால் கழலும், உங்களை விட்டுத் தள்ளினால் இறுகும், இரண்டு பக்கமும் அப்படித்தான். கல் சுற்றுகிற திசையும் கழற்றுகிற அதே திசைதான், மேல்பக்கம் நம்மை நோக்கி வந்து கீழே இறங்கும். மோட்டார் கிளம்பும்போது நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகவே இரண்டு பக்கமும் எதிரெதிர் மரை வைத்திருக்கிறார்கள். கழற்றும்போது கல்லும் சேர்ந்து சுற்றினால், பழைய கல்லுக்கும் டூல் ரெஸ்டுக்கும் (கல்லுக்கு முன்னால் டூலைத் தாங்கும் தகடு) நடுவில் ஒரு மர ஆப்பைச் செருகுங்கள்.

புதுக் கல் வாங்கும்போது அதில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச ஆர்.பி.எம். (நிமிஷத்துக்கு எத்தனை சுற்று) உங்கள் மோட்டாரின் வேகத்தைவிட அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மாதிரி மோட்டார்கள் பெரும்பாலும் 2850 அளவில் ஓடும். அந்த வேகத்தில் 150 மி.மீ. கல்லின் விளிம்பு மணிக்குச் சுமார் 80 கி.மீ. வேகத்தில் போகிறது. கல் உடைந்தால் சில்லு அந்த வேகத்தில்தான் வெளியே வரும். 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 30ஆவது பிரிவே, சாணை பிடிக்கும் மெஷின் பக்கத்தில் கல்லின் பாதுகாப்பான உச்ச வேகத்தை எழுதி வைக்கச் சொன்னது. வீட்டுப் பட்டறையில் யாரும் கேட்கப் போவதில்லை, இருந்தாலும் நான் கவர் மேல் பெயின்ட்டில் எழுதியிருக்கிறேன். என்ன கம்பெனி கல் வாங்கலாம் என்றால், பெயரே போடாத மலிவுக் கல் மட்டும் வேண்டாம். சாதாரண லேத் டூலுக்கு 60 நம்பர் கல் (நம்பர் என்பது கல்லின் சொரசொரப்பு அளவு) எனக்குப் போதும். மிகக் கடினமான கார்பைடு முனை வைத்த டூல் என்றால் பச்சை நிறக் கல்.

மாட்டுவதற்கு முன் தட்டிப் பார்க்க வேண்டும். மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதேதான். துவாரத்தில் விரலைவிட்டுக் கல்லைத் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே மெல்லத் தட்டுங்கள், கல்லைக் கொஞ்சம் திருப்பி மறுபடியும் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்ல கல். சொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதை மாட்டாதீர்கள். ஈரக் கல்லும் மந்தமாகத்தான் கேட்கும், காயவைத்துவிட்டுத் தட்டுங்கள்.

கல்லின் இரண்டு முகத்திலும் வட்டக் காகிதம் ஒட்டியிருக்கும். லேபிள்தானே என்று கிழித்துவிடாதீர்கள், ஃபிளாஞ்சின் (கல்லை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் வட்டத் தட்டு) அழுத்தம் கல்லில் சமமாகப் பரவுவதற்கான மெத்தை அது. நட்டை இறுக்கும்போது சாக்குத் துணி சுற்றிய கையால் கல்லைப் பிடித்துக்கொண்டால் போதும், அந்தப் பிடியை மீறி இறுக்க வேண்டாம். பைப் வேண்டவே வேண்டாம்.

டூல் ரெஸ்டுக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, கவரின் மேல்முனையில் நகர்த்துகிற தகடு இருந்தால் அதற்கும் கல்லுக்கும் நடுவில் 6 மி.மீ.க்கு மேல் கூடாது. இடைவெளி பெரிதானால் டூலைக் கல் கீழே இழுத்துச் செருகிக்கொள்ளும், பிடித்திருக்கும் விரலும் கூடவே போகும். கல் தேயத் தேய ரெஸ்டை நகர்த்திக்கொண்டே வர வேண்டும், அதுவும் கல் முழுக்க நின்ற பிறகு. சுவிட்சை அணைத்த பிறகும் கல் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும், நின்றுவிட்டது என்று கை வைத்து மாட்டிக்கொள்வது அப்போதுதான்.

கவரை மாட்டிவிட்டு, பக்கவாட்டில் ஒதுங்கி நின்று சுவிட்சைப் போடுங்கள். ஒரு நிமிஷம் சும்மா ஓடட்டும், அந்த ஒரு நிமிஷம் கல்லுக்கு நேரெதிரே யாரும் நிற்கக் கூடாது.

கண்ணாடி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். படிக்கிற கண்ணாடி கணக்கில் வராது, பக்கமும் மூடிய காகிள்ஸ், அதற்கு மேல் முகத்தை மறைக்கும் ஷீல்டு. கண்ணில் துகள் விழுந்தால் பட்டறையில் வேட்டி நுனியால் எடுப்பார்கள், தாய்ப்பால் விடச் சொல்வார்கள், இரண்டும் வேண்டாம். கருவிழியில் ஒட்டிய இரும்புத் துகளைச் சுற்றி ஒரே நாளில் துரு வளையம் கட்டிவிடும், அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.

பின்சேர்க்கை: கல்லின் துவாரம் 31.75 மி.மீ., ஸ்பிண்டில் (கல் மாட்டும் தண்டு) 12.7 மி.மீ.தான், தகரம் சுற்றி மாட்டலாமா என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். கூடாது, கல் நடுவில் உட்காராது, அதிரும். கல்லோடு பிளாஸ்டிக் புஷ் (துவாரத்தைத் தண்டின் அளவுக்குக் குறைக்கும் வளையம்) கொடுப்பார்கள், அதைப் போடுங்கள். புஷ் கல்லின் தடிமனைவிட நீளமாக இருந்தால் ஃபிளாஞ்ச் கல்லைப் பிடிக்காமல் புஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நிற்கும், நட்டு இறுகிவிட்ட மாதிரியே தெரியும், கல் மட்டும் தளர்ந்திருக்கும். நீளத்தைத் தேய்த்துக் குறைத்த பிறகு மாட்டுங்கள்.

இன்னொன்று: தட்டிப் பார்த்துச் சொத்தென்று கேட்ட கல்லைக் குப்பையில் போடும் முன் சுத்தியலால் இரண்டாக உடைத்துவிடுங்கள். எங்கள் தெருவில் அப்படிப் போட்ட ஒரு கல்லைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துத் துடைத்து விற்பனைக்கு வைத்திருந்தார்.